கண்ணாடியிடம் கேட்டவர்

வா, உள்ளே வா. கதவுதான் திறந்து கிடக்கிறதே, அப்புறம் வாசலில் நின்றுகொண்டு "வரலாமா அம்மா" என்று என்ன கேள்வி? செருப்பை அங்கேயே விடு. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இதில் உட்கார். பார், மறுபடியும்! "உட்காரலாமா" என்கிறாய். நீ அவருடைய மாணவி என்று பெயர் சொல்லாமலே தெரிந்துவிட்டது. அவரிடம் படித்த பிள்ளைகள் எல்லாரும் இப்படித்தான். நான் நீட்டுகிற தண்ணீரைக்கூட "வாங்கிக்கலாமா" என்று கேட்டுத்தான் வாங்குவீர்கள்.

ஷமீமா என்றுதானே போனில் சொன்னாய்? தக்கலையா ஊர்? சரி, சரி. நாகர்கோவிலுக்குப் பக்கம்தான். டீ போட்டு வைத்திருக்கிறேன்.

நீ வந்த விஷயம் எனக்குத் தெரியும். உங்கள் கல்லூரியில் புதிதாக ஒரு அறை கட்டியிருக்கிறீர்கள். பெண்களுக்கு உள்பரிசோதனை செய்வது எப்படி என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற அறை. அதற்கு அவர் பெயரை வைக்கப்போகிறீர்கள். சந்தோஷம். அவர் போய் வருஷம் திரும்பப் போகிறது, வைக்கவேண்டியதுதான். ஆனால் பலகையில் அவர் பெயருக்குக் கீழே இன்னொரு பெயரும் வரும் என்றாயே, அதற்குத்தான் நேரில் வா என்றேன். இதையெல்லாம் போனில் பேச எனக்குப் பிடிக்காது. போன் அவள் ஆண்ட இடம்.

பேராசிரியர் தாணுலிங்கம், ராஜபுஷ்பம் பயிற்சிக்கூடம். நீயே ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார். கல்யாணப் பத்திரிகை மாதிரி இல்லை?

சிரிக்காதே. அவர் பெயருக்குப் பக்கத்தில் செண்பகவல்லி என்ற என் பெயர் அச்சில் வந்தது ஒரே ஒரு தடவை. அதுவும் கல்யாணப் பத்திரிகையில்தான். அதிலேயும் "சௌபாக்கியவதி" நீளமாகப் போனதால் என் பெயர் அடுத்த வரிக்குத் தள்ளிப்போய்விட்டது.

அவள் சொன்னாளாமே, "அவங்க சம்மதிச்சா மட்டும் என் பேரப் போடுங்க" என்று. பார்த்தாயா, இதிலும் முந்திக்கொண்டாள். நான் வேண்டாம் என்றால் நான் கெட்டவள். சரி என்றால் அவள் நல்லவள். எப்படிப் பார்த்தாலும் எனக்கு ஒன்றும் மிச்சமில்லை.

பொறாமைதான். இந்த வயதில் மறைத்து என்ன ஆகப்போகிறது? ஆனால் நீ நினைக்கிற மாதிரிப் பொறாமை இல்லை. அவர் அப்படிப்பட்டவர் இல்லை. அவளும் அப்படிப்பட்டவள் இல்லை. அப்படி இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சண்டை போட்டிருப்பேன், அம்மா வீட்டுக்குப் போயிருப்பேன், நாலு பேர் எனக்காகப் பேசியிருப்பார்கள். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

டீயைக் குடி. சர்க்கரை போதுமா?

நீங்கள் பார்த்த தாணுலிங்கம் சார் வேறு. அதற்கு முந்தியவரை உங்களுக்குத் தெரியாது. அவர் கை வைத்தால் நோய் தானாகப் பெயர் சொல்லும் என்பார்கள். அவ்வளவு கெட்டிக்காரர், அவ்வளவு வேகம். ஒரு அம்மாளைப் படுக்கவைத்து, அவர் பார்த்து, "அடுத்து நீ பாரு, அடுத்து நீ" என்று பிள்ளைகளை வரிசையாக விடுவார். எல்லா இடத்திலும் அப்படித்தான் அப்போது. யாரும் தப்பாக நினைக்கவில்லை. படுத்திருந்தவர்கள் என்ன நினைத்தார்கள் என்று யாரும் கேட்கவும் இல்லை.

அவளைக் கேட்கவில்லை, அவளாகவே வந்து சொன்னாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பதினொரு மணி இருக்கும். அப்போது நாங்கள் உங்கள் கல்லூரி ஊரில் குவார்ட்டர்ஸில் இருந்தோம். வாசலில் ஒரு பெண் நிற்கிறாள். நல்ல உயரம். நீலக் கரை போட்ட வெள்ளைப் புடவை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை, பெயர் ராஜபுஷ்பம் என்றாள். அந்தக் குரல்! தேன் என்று சொல்லமாட்டேன். தேன் ஒட்டும். இது ஒட்டாத குரல். பித்தளைப் பாத்திரத்தில் தண்ணீர் விழுகிற மாதிரி. காலமெல்லாம் "இருங்க, இணைக்கிறேன்" என்று சொல்லிச் சொல்லி, யாரையும் அவசரப்படுத்தாமல் பழகிய குரல். நான்தான் உள்ளே கூப்பிட்டேன். நான்தான் காபி கொடுத்தேன். இதையும் எழுதிக்கொள், உங்கள் விழா மலரில் போடலாம்.

அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவள் நேராக அவர் எதிரில் உட்கார்ந்து சொன்னாள்:

"டாக்டர், போன வாரம் ரத்தப்போக்குன்னு உங்க ஆஸ்பத்திரிக்கு வந்தேன். லைன்ல ரெண்டு பேர் பேசிட்டு இருக்கும்போது சொல்லாம குறுக்க வந்தா எங்க வேலை போயிரும். என் உடம்புல உங்க பிள்ளைங்க வரிசையா குறுக்க வந்தாங்க. ஒருத்தன்கூட எம் மொகத்தப் பாக்கல. நீங்களும் பாக்கல. இப்ப பாருங்க. உங்களுக்கு என்னை அடையாளம் தெரியுதா?"

இந்த மனிதரிடம் யாரும் இப்படிப் பேசியதில்லை. இப்போது எழுந்து கத்தப்போகிறார், அவளை வெளியே போகச் சொல்லப்போகிறார் என்று நான் சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். சொல்லப்போனால், காத்துக்கொண்டு நிற்கிறேன்.

அவர் பேப்பரை மடித்தார். ரொம்ப நேரம் மடித்தார். பிறகு, "தெரியலம்மா" என்றார்.

குரல் தாழ்ந்து வந்தது. கல்யாணமாகி இருபது வருஷம் போயிருந்தது. அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. அவருக்குள் அப்படி ஒரு குரல் இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. அதை வெளியே எடுத்தவள் யாரோ ஒருத்தி. காபியைக்கூட அவள் பாதிதான் குடித்தாள்.

"நீங்களே வந்து அவங்களுக்குச் சொல்லிக்குடுப்பீங்களா?" என்று கேட்டார்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றாள். திமிரைப் பார்.

மிச்சம் உனக்குத் தெரியும். தன் உடம்பையே பாடமாக வைத்து, படுத்துக்கொண்டே பாடம் எடுத்தாள். பக்கத்தில் ஒரு சிஸ்டர், போர்த்த ஒரு துப்பட்டி, ஒரு நேரத்தில் இரண்டே மாணவர்கள். நீயும் அவளிடம் படித்தவள்தானே? கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ளச் சொல்வாளாமே. கருவியை வெந்நீரில் வைத்து எடுக்கச் சொல்வாளாமே. முதலில் புறங்கையால் தொடையைத் தொட்டு, இதோ வந்திருக்கிறேன் என்று உடம்புக்குச் சொல்லவேண்டுமாமே. அவர் வீட்டுக்கு வந்து அவள் பேசியதை அப்படியே பேசிக் காட்டுவார். "கூரையப் பாக்காத மக்ளே, அங்க பல்லிதான் இருக்கு. எம் மொகத்தப் பாரு." இன்னொரு பையன் அழுத்திவிட்டான் போலிருக்கிறது. "மீனு செவுளப் பிரிச்சுப் பாக்குற மாதிரி பாக்காதப்பா, நான் விலைக்கு இல்ல" என்றாளாம். இதைச் சொல்லிவிட்டு அவர் சாப்பாட்டு மேசையில் விழுந்து விழுந்து சிரித்தார். நான் மோர் ஊற்றிக்கொண்டிருந்தேன். நான் சொன்ன எதற்கு அவர் அப்படிச் சிரித்திருக்கிறார் என்று யோசித்தேன். மோர் இலைக்கு வெளியே போய்விட்டது.

அவரும் மறுபடி பாடம் படித்தார். காலையில் முகம் மழிக்கும்போது கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிப் பழகுவார். "அம்மா, நான் டாக்டர் தாணுலிங்கம். இப்ப உங்களப் பரிசோதிக்கப் போறேன். தொடலாமா?" சரியாக வரவில்லை என்று மறுபடியும். "தொடலாமா?" குரலை இன்னும் கொஞ்சம் தாழ்த்தி, "தொடலாமாம்மா?" கன்னத்தில் நுரை. கண்ணாடியிடம் அவ்வளவு மரியாதை. பக்கத்தில் துண்டை வைத்துக்கொண்டு நான் நின்றுகொண்டிருந்தேன்.

அவர் என்னிடம் கேட்டதே இல்லையா என்றால், கேட்டிருக்கிறார். காபி கேட்டிருக்கிறார். பீரோ சாவி எங்கே என்று கேட்டிருக்கிறார். மற்றதை யார் மனைவியிடம் கேட்பார்கள்? நீயே சொல். கேட்டால் சிரிப்பல்லவா வரும்? நான் என்ன நோயாளியா? கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. குடி கிடையாது. கை நீட்டியது கிடையாது. கதவைத் தட்டிவிட்டு அறைக்குள் வருகிற பழக்கம் மட்டும் கிடையாது. நான் புடவை மாற்றிக்கொண்டிருந்தாலும் சரி, அழுதுகொண்டிருந்தாலும் சரி, நேராக வருவார். அவர் வீடுதானே. ரசம் ஆறும்வரைகூடக் காத்திருக்கமாட்டார், நாக்கைச் சுட்டுக்கொள்வார்.

அந்த மனிதர் காத்திருந்ததை நான் என் காதால் கேட்டேன்.

ஒருநாள் மூக்குக் கண்ணாடியை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். குவார்ட்டர்ஸ் பக்கத்தில்தானே, நானே கொண்டுபோனேன். வேவு பார்க்கப் போனேன் என்று நினைக்காதே. கண்ணாடி இல்லாமல் அவருக்கு ஒன்றும் தெரியாது. அந்த அறைக்கு வெளியே ஒரு நீளப் பெஞ்சு. கதவுக்குப் பச்சைத் திரை. உள்ளே பாடம் நடக்கிறது என்று உட்கார்ந்தேன்.

அவர் குரல்தான். மாணவர்களுக்கு முதலில் தானே செய்து காட்டுகிறார் போலிருக்கிறது. "அம்மா, இப்ப உங்க முழங்காலைத் தொடப்போறேன். தொடலாமா?"

பதில் வரவில்லை. அவரும் மறுபடி கேட்கவில்லை. மின்விசிறி சத்தம் மட்டும். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. வெளியே நான் கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறேன். உள்ளே ஒரு ஆண்பிள்ளை, அதுவும் என் வீட்டு ஆண்பிள்ளை, ஒரு வார்த்தைக்காகச் சும்மா நிற்கிறார்.

அப்புறம் அவள் சொன்னாள்: "இன்னைக்கு வேண்டாம் டாக்டர்."

"சரிங்கம்மா" என்றார். "நன்றிம்மா. போர்த்திக்குங்க."

அவ்வளவுதான். ஏன் என்று கேட்கவில்லை. கொஞ்சம் பொறுத்துக்கங்க என்று சொல்லவில்லை. பிள்ளைகளிடம், "வாங்க, டீ குடிக்கப் போவோம்" என்றார். திரையை விலக்கிக்கொண்டு வந்தவர்களில் ஒருவன் இன்னொருவனிடம் கிசுகிசுத்தான்: "இதுவும் பாடம்தாண்டே. அந்தம்மா மாசத்துல ஒருநாள் வேண்டாம்னு சொல்லும். ஏன்னு கேட்டா ஃபெயில்."

வேண்டாம் என்று ஒருத்தி சொல்கிறாள், அத்தனை பேரும் டீ குடிக்கப் போகிறார்கள்!

நான் பி.ஏ.யில் தமிழ் இலக்கியம் படித்தவள். வாயில் மறுத்தல் என்று ஒரு துறை உண்டு. உனக்குத் தெரிந்திருக்காது. வெளியே போன தலைவன் திரும்பி வந்து தன் வீட்டு வாசலில் நிற்பான். உள்ளே வரக்கூடாது என்று சொல்லிவிடுவார்கள். நிற்பான். பரீட்சைக்கு அதை ஒப்பித்து நல்ல மதிப்பெண் வாங்கினேன், ஆனால் நம்பவில்லை. எந்த ஆண்பிள்ளை தன் வீட்டு வாசலில் நிற்பான்? பாட்டுக்காகச் சொல்வது என்று இருந்துவிட்டேன். அன்றைக்கு அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து, பச்சைத் திரைக்கு அந்தப்பக்கம் அதைக் கேட்டேன். நிற்கிறவர் என் தலைவர். மறுக்கிறவள் வேறொருத்தி.

கண்ணாடியைக் கொடுத்தேன். "வந்தியா? நல்லவேளை" என்று வாங்கி மாட்டிக்கொண்டு போய்விட்டார். அவள் உள்ளேயிருந்து வந்து, "அக்கா, டீ குடிக்க வாரீங்களா?" என்று கூப்பிட்டாள். எனக்குத் தலைவலி என்றேன்.

அதற்கப்புறம் நானும் ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். நீ டாக்டர், உன்னிடம் சொன்னால் என்ன. அவர் பக்கத்தில் வந்தபோது, "இன்னைக்கு வேண்டாம்" என்றேன். அவள் சொன்ன அதே வார்த்தை, முடிந்தவரை அதே மாதிரி. என் குரல் பித்தளை இல்லை, ஓட்டைத் தகரம். இருந்தாலும் சொன்னேன்.

என்ன செய்தார் தெரியுமா? விளக்கைப் போட்டார். என் இமையை இழுத்துப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். "ரத்தம் குறைஞ்சிருக்கு உனக்கு" என்று சொல்லி, மறுநாள் இரும்புச்சத்து மாத்திரை வாங்கிவந்தார். வேளை தவறாமல் சாப்பிடுகிறேனா என்று டப்பாவைத் திறந்து பார்ப்பார். கரிசனம்தான். கரிசனம் இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். சிரிக்கிறாயா அழுகிறாயா? நானும் அன்றைக்கு இப்படித்தான் இருந்தேன்.

மாத்திரையைச் சாப்பிட்டேன். மறுபடி வேண்டாம் என்று சொல்லவில்லை.

அப்புறம் ஓய்வு பெற்றார், நாகர்கோவிலுக்கு வந்தோம். அவளும் ஓய்வு பெற்றாள், ஆனால் உங்கள் கல்லூரிக்கு வந்துகொண்டுதான் இருந்தாள். பொங்கலுக்கு ஒரு போன் வரும். அவர் எடுத்தால் சிரிப்புச் சத்தம் வாசல்வரை கேட்கும். நான் எடுத்தால், "அக்கா நல்லா இருக்கீங்களா" என்பாள். இருக்கிறேன் என்பேன். அதற்குமேல் என்னிடம் அவளுக்கு என்ன பேச்சு?

போன வருஷம் அவருக்குப் பக்கவாதம் வந்து, பேச்சு போய், வலது பக்கம் விழுந்துவிட்டது. எல்லாம் படுக்கையில். நான்தான் துடைப்பேன், நான்தான் திருப்பிப் போடுவேன். ஆள் வைக்கலாம் என்றார்கள், நான் விடவில்லை. கடைசியில் எனக்கே எனக்கென்று கிடைத்தவரை ஆளிடம் கொடுப்பேனா?

அவள் பஸ் ஏறிப் பார்க்க வந்தாள். கையில் ஆரஞ்சு. நான் கூடவே படுக்கையறைவரை போகிறேன். அவள் வாசலில் நின்றுவிட்டாள். உள்ளே படுத்திருக்கிறவரைப் பார்த்து, "டாக்டர், உள்ள வரலாமா?" என்கிறாள். என் வீடு. என் அறை. என்னைத் தாண்டி அவரைக் கேட்கிறாள்! அவர் இடதுகை விரல் ஒன்றைத் தூக்கினார். அதுவரை அந்த விரலை எனக்காக அவர் தூக்கியதில்லை. நான் கேட்டதில்லை, அவர் ஏன் தூக்குவார் என்கிறாயா? நீ ஒன்றும் சொல்லவில்லை, நான்தான் சொல்கிறேன்.

போகும்போது சமையலறைக்கு வந்து மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, அவரத் திருப்பும்போது முன்னாடியே சொல்லிருங்க. பயந்துபோறாரு, கண்ணு சொல்லுது." எனக்கு வந்த கோபத்தில் ஆரஞ்சுப் பையைக் கொல்லையில் தூக்கிப் போட்டேன். அவர் கண் என்ன சொல்கிறது என்று எனக்கு அவள் சொல்லித்தரவேண்டுமா?

ஆனாலும் மறுநாள் காலை வெந்நீரும் துணியுமாகப் போனவள், ஏனோ நின்றேன். அவளுக்குத் தெரிந்தது எனக்கும் தெரியும் என்று காட்டத்தான், வேறொன்றுமில்லை. கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டேன். முகத்தைப் பார்த்தேன். "தொடைக்கப்போறேன்" என்றேன். "தொடலாமா?"

அவர் என்னையே பார்த்தார். விரலைத் தூக்கவில்லை. இரண்டு கண்ணிலும் தண்ணீர் ஊறி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் காதுக்குள் வழிந்தது. நான் துடைத்தேன். மறுபடியும் ஊறியது. வாய் ஒருபக்கமாகக் கோணி ஏதோ சொல்ல வந்தது. என்ன வார்த்தை என்று கடைசிவரை எனக்குப் புரியவில்லை. அன்றிலிருந்து தினமும் கேட்டேன். தினமும் அழுதார்.

அவளை நினைத்துக்கொண்டுதான். வேறு எதற்கு? அந்த வார்த்தையைக் கேட்டதும் அவள் ஞாபகம் வந்திருக்கும். அவருக்கு என்னிடம் அழ என்ன இருக்கிறது?

ஏன் தலையைக் குனிந்துகொண்டாய்? ஏதாவது சொல்லவேண்டுமானால் சொல்.

எனக்கு மனது ஆறவில்லை, ஷமீமா. உங்கள் அறையில் அவள் பெயர் இருக்கட்டும், இல்லாமல் போகட்டும். அங்கே படிக்கிற பிள்ளைகள் எந்த ஊருக்குப் போனாலும் எவளோ ஒருத்தியிடம் தொடலாமா என்று கேட்பார்கள். அவள் வேண்டாம் என்பாள், நிறுத்திவிடுவார்கள். யாரென்றே தெரியாத அத்தனை பெண்களைப் பார்த்தும் எனக்கு எரிகிறது. இப்படி ஒரு பொறாமை உலகத்தில் உண்டா?

சரி. நீ வந்த வேலையை முடி. போனில் கேட்டது கணக்கில்லை. இப்போது முறையாகக் கேள். கேட்டால்தானே நான் சொல்லமுடியும்.

ம். "அம்மா, சார் பேருக்குக் கீழே புஷ்பம்மா பேரைப் போடலாமா?" நன்றாகத்தான் கேட்கிறாய். அவருடைய குரல் கொஞ்சம் இருக்கிறது உன்னிடம். அவளுடையதும் இருக்கிறது.

வேண்டாம்.

என்ன, "சரிங்கம்மா" என்கிறாய்? இவ்வளவு தூரம் பஸ்ஸில் வந்திருக்கிறாய். பலகை எழுதக் கொடுத்தாகிவிட்டது என்றாயே, அதை என்ன செய்வீர்கள்? ஏன் என்று கேட்கமாட்டாயா? அம்மா, கொஞ்சம் யோசிங்க என்று சொல்லமாட்டாயா? கோபமா? இல்லையே, முகத்தில் கோபம் இல்லை. எனக்குக் காட்டக் கொண்டுவந்த திறப்புவிழா அழைப்பிதழைப் பைக்குள் வைக்கிறாய். டம்ளரை எங்கே கழுவலாம் என்று கேட்கிறாய்.

அப்படியானால் இவ்வளவுதானா? சொன்னதும் எல்லாம் நின்றுவிடுமா? என்னுடைய இந்த ஓட்டைத் தகரக் குரலுக்கும் நிற்குமா?

டம்ளரைக் கீழே வை. எங்கே எழுந்திருக்கிறாய்? பஸ் அரைமணிக்கு ஒன்று இருக்கிறது, உட்கார்.

நானாகத்தான் சொல்கிறேன், இன்னொரு தடவை கேள். என்ன சொல்வேன் என்று எனக்கே தெரியாது. நீ கேள். கேட்டுவிட்டு, நான் பதில் சொல்லும்வரை பேசாமல் இரு.